நர்ஸ் படிப்பு: செலவென்ன? வரவென்ன?

(ஆலந்தலையில் மீனவர் குடும்பத் தாய்மார்களும் பெண்பிள்ளைகளும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் ஆற்றிய உரை)



என்னை இங்கே பேச அழைத்தவர்கள், “பெண் கல்வியின் அவசியம்” என்று தலைப்புக் கொடுத்தார்கள். அந்தத் தலைப்பில் நான் பேசப் போவதில்லை. பெண்பிள்ளை படிக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் வந்து சொல்ல வேண்டிய காலம் போய்விட்டது. விடியற்காலையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருச்செந்தூர் சந்தைக்கு நடந்த தாய்தான், தன் மகள் கையில் கூடை ஏறக்கூடாது என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அவளுக்கு உபதேசம் தேவையில்லை. அவளுக்குத் தேவை கணக்கு. ஆகவே இன்று நாம் கணக்குப் பேசுவோம்.

போன வாரம் இந்தக் கடற்கரையில் ஒரு தாய் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். “யக்கா, பிள்ளைய நர்ஸுக்குச் சேக்கப் போறோம். ஒரு வருஷப் படிப்பாம். முப்பதாயிரம் கேக்காவ. அய்யாயிரம் முன்பணம் கட்டியாச்சு. மிச்சத்துக்கு வீட்டுக்காரர் என்ஜினை அடகு வைக்கப் பாக்காரு. சேக்கலாமா யக்கா?” என்று கேட்டாள்.

நான் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “படிப்பு முடிந்ததும் பிள்ளையின் பெயரை கவுன்சிலில் பதிவு செய்வார்களா?” அவளுக்குத் தெரியவில்லை. மகளுக்கும் தெரியவில்லை. மறுநாள் அவர்கள் போய்க் கேட்டபோது, அந்த நிலையத்தார், “அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வேலைக்கு நாங்கள் உத்தரவாதம்” என்றார்களாம். அந்தத் தாயும் மகளும் இதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லுகிறேன்.

திறக்காத சிப்பி

இந்தக் கடலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், கரைக்கு வந்த சிப்பியை ஆயிரம் ஆயிரமாக எண்ணி, திறக்காமலே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று யாருக்கும் தெரியாது. ஏலம் எடுத்தவர்களில் ஒருவன் பணக்காரனாவான். மற்றவர்கள் நாறிப்போன ஓட்டைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். 1961இல் நடந்த குளிப்போடு அந்தக் காலம் முடிந்தது. ஆனால் திறக்காத சிப்பியை ஏலம் விடும் வியாபாரம் முடியவில்லை. இன்று ஜில்லா முழுவதும், பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் மின்கம்பத்திலும் நோட்டீஸ் ஒட்டி, “நர்ஸிங் பயிற்சி, 100 சதவீத வேலை” என்று விற்கிறார்களே, அதுவும் திறக்காத சிப்பிதான்.

முத்து வியாபாரியிடம் பணம் இருந்தது, நஷ்டத்தைத் தாங்கினான். நம்மிடம் இருப்பது என்ன? ஒரு என்ஜின், ஒரு வலை, கழுத்தில் இரண்டு பவுன். ஆகவே நாம் திறந்து பார்த்துத்தான் ஏலம் கேட்க வேண்டும்.

எது நர்ஸ் படிப்பு?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் நர்ஸ் என்று சட்டப்படி பெயர் வாங்கித் தருகிற ஆரம்பப் படிப்புகள் மூன்றுதான்.

ஒன்று, ஏ.என்.எம். என்னும் துணைச் செவிலியர் படிப்பு. இது இரண்டு வருஷம். பெண்களுக்கு மட்டும் உரியது. பன்னிரண்டாவது தேறியிருக்க வேண்டும். எந்தப் பாடப் பிரிவானாலும் சேரலாம். பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும். நம் கிராமத்துக்கு வந்து கர்ப்பிணிகளைப் பார்த்து, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறாரே கிராம சுகாதார நர்ஸ், அவர் இந்தப் படிப்பு படித்தவர்.

இரண்டு, ஜி.என்.எம். என்னும் டிப்ளமோ படிப்பு. இது மூன்று வருஷம். இதற்கும் பன்னிரண்டாவது வேண்டும். ஆஸ்பத்திரி வார்டில் ஸ்டாப் நர்ஸாக நிற்பதற்கு இது வழி. ஆண்பிள்ளைகளும் சேரலாம்.

மூன்று, பி.எஸ்ஸி. நர்ஸிங். நான்கு வருஷப் பட்டப் படிப்பு. இதற்கு மட்டும் பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஆகவே பத்தாவது முடிக்கும் பிள்ளைகள் கவனியுங்கள். பதினோராவதில் எந்தப் பிரிவு எடுக்கிறோமோ, அன்றைக்கே ஒரு கதவு திறக்கிறது, அல்லது மூடுகிறது. அந்த நாளில் வீட்டில் யாரும் இதை யோசிப்பதில்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் அழுகிறோம்.

இந்த மூன்றில் எதைப் படித்தாலும், முடித்த பிறகு தமிழ்நாடு நர்ஸுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். 1926ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டத்தில் பிறந்தது இந்தக் கவுன்சில். அகில இந்திய அளவில் 1947ஆம் வருஷச் சட்டத்தின்படி இந்திய நர்ஸிங் கவுன்சில் அமைந்தது. 2023இல் அதற்குப் பதிலாக தேசிய ஆணையம் ஏற்படுத்தப் புதுச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. பெயர் எப்படி மாறினாலும், அடிப்படை மாறவில்லை. பதிவு உள்ளவளே நர்ஸ்.

அப்படியானால் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அது என்ன? அது உதவியாளர் பயிற்சி. நோயாளியைக் குளிப்பாட்ட, படுக்கை மாற்ற, வண்டியில் தள்ள, கிழவர்களைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது. அது இழிவான வேலை என்று நான் சொல்லவில்லை. நேர்மையான உழைப்பு அது. சர்க்கார் திறன் பயிற்சித் திட்டங்களில் அதைச் செலவில்லாமலே கற்றுக்கொடுப்பதும் உண்டு. ஆனால் அந்தப் பயிற்சிக்கு நர்ஸ் என்று பெயர் சூட்டி, வெள்ளை உடுப்பு மாட்டிப் படம் எடுத்து, முப்பதாயிரம் ஐம்பதாயிரம் வாங்குவது பச்சை மோசடி. பத்து வருஷம் உழைத்தாலும் அந்தப் பெண் கவுன்சிலில் பதிய முடியாது. சர்க்கார் நர்ஸ் வேலைக்கு மனுப் போட முடியாது. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் செய்கிற வேலையை அவள் தலையில் கட்டுவார்கள். சம்பளம் மட்டும் உதவியாளர் சம்பளம். ஏதாவது தவறு நேர்ந்தால், “இவள் நர்ஸே இல்லை” என்று கைகழுவியும் விடுவார்கள்.

செலவுக் கணக்கு

இனி செலவுக்கு வருவோம். பள்ளிக் கட்டணம் இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். அதைக் கேட்டு நீங்கள் கடனுக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். அது முதல் வருஷக் கட்டணம் மட்டுமாக இருக்கும். பிறகு விடுதி, சாப்பாடு, சீருடை, புத்தகம், பரீட்சைக் கட்டணம், பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ், கடைசியில் பதிவுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். வலை வாங்கினால் போதும் என்று கடலுக்குப் போகிறவன் உண்டா? ஈயக்குண்டு, மிதப்பு, கயிறு, மண்ணெண்ணெய், ஐஸ் எல்லாம் சேர்த்துத்தானே கணக்கு!

இன்னொரு செலவு நோட்டீசில் வராது. உங்கள் மகள் அந்த மூன்று வருஷம் தூத்துக்குடி இறால் கம்பெனியிலோ கடையிலோ வேலைக்குப் போயிருந்தால் சம்பாதித்திருப்பாளே, அந்தக் கூலி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். படிக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் தன் கூலியையும் போட்டுத்தான் படிக்கிறாள். ஆகவே அந்தப் படிப்பு உண்மையான படிப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறேன்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். இது எந்தப் பள்ளியின் கணக்கும் அல்ல. புரிவதற்காக நான் போடுகிற கணக்கு. மூன்று வருஷப் படிப்புக்கு எல்லாம் சேர்த்து 3 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம்.

பாங்கில் வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி, ஐந்து வருஷத் தவணை என்றால், மாதம் ஏறக்குறைய 6,400 ரூபாய் கட்ட வேண்டும். இதில் படிக்கும் காலத்து வட்டியை நான் சேர்க்கவில்லை.

அதே 3 லட்சத்தை ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கினால்? மாதம் 9,000 ரூபாய். அதுவும் வட்டி மட்டும்! முதலில் ஒரு காசு குறையாது. படிப்பு முடியும் முன்னே 36 மாதத்தில் 3,24,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். முதல் அப்படியே நிற்கும்.

படித்து முடித்த மகளுக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் பத்தாயிரம் ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஐந்தாயிரம். மிச்சம் ஐந்தாயிரம். பாங்குத் தவணைக்கே போதாது. வட்டிக்காரனுக்கு எங்கே போவது? அப்பா கடலில் பாடுபட்டு மகள் கடனைக் கட்டுகிற கதைதான் நடக்கும். கச்சான் அடித்து வள்ளம் கரையில் கிடக்கிற மாதங்களில் அந்தக் கதையும் நடக்காது.

ஆகவே வட்டிக்காரன் வாசலுக்குப் போவதற்கு முன் போக வேண்டிய வாசல்கள் சில உண்டு. முதல் வாசல், சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த நர்ஸிங் பள்ளிகள். அங்கே மதிப்பெண் அடிப்படையில் இடம். கிடைத்தால் கட்டணம் சொற்பம். தனியாரிடம் முன்பணம் கட்டுவதற்கு முன், சர்க்கார் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாசல், பாங்கு. கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது. படிப்புக் காலத்துக்குப் பிறகும் அவகாசம் கொடுத்துத்தான் தவணை ஆரம்பிக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டியில் சலுகையும் உண்டு. அதற்கு எந்தப் படிப்பு பொருந்தும், என்ன சான்று வேண்டும் என்று பாங்கில் கேட்டுக்கொள்ளுங்கள். பாங்கில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு அவர்கள் கடன் தரமாட்டார்கள். “எங்கள் நிலையத்துக்கு பாங்குக் கடன் கிடையாது, ரொக்கமாகக் கட்டுங்கள்” என்று எவராவது சொன்னால், அதுவே அபாய விளக்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது வாசல், உதவித் தொகைகள். சர்க்கார் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் துவங்கியது. சர்க்கார் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் அதை விரிவாக்கிய விழா, 2024 டிசம்பர் 30ஆம் தேதி நம் தூத்துக்குடியிலேயே நடந்தது. நம் கடற்கரைப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள். அதோடு, மீனவர் நலவாரிய உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி உண்டு. சேரப்போகும் படிப்பு இவற்றில் அடங்குமா என்று சேர்வதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நலவாரியக் கார்டைப் புதுப்பிக்காமல் பெட்டியில் போட்டு வைத்திருக்கும் தோழர்கள் நாளைக்கே எடுத்துப் பார்க்க வேண்டும்.

வரவுக் கணக்கு

செலவைப் பார்த்தோம், வரவைப் பார்ப்போம். உள்ளதை உள்ளபடி சொல்லுகிறேன்.

நல்ல பக்கம் இது. 2023 அக்டோபரில் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், கிராம சுகாதார நர்ஸ் பதவிக்கு 2,250 இடங்களை அறிவித்தது. சம்பள விகிதம் 19,500 முதல் 62,000 ரூபாய் வரை. இரண்டு வருஷ ஏ.என்.எம். படித்துப் பதிவு செய்தவர்களுக்கு உரிய பதவி அது. மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஸ்டாப் நர்ஸ் சம்பளம், ஏழாவது சம்பளக் கமிஷன் விகிதப்படி, 44,900 ரூபாயில் ஆரம்பம். ஜி.என்.எம். படித்தவள் ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் பெற்றால் எய்ம்ஸ் பரீட்சைக்கு உட்காரலாம். ஏ.என்.எம். படித்துப் பதிவு செய்தவள் பிறகு ஜி.என்.எம். சேரலாம். ஜி.என்.எம். படித்தவள் இரண்டு வருஷத்தில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கலாம். ஏணி இருக்கிறது. ஒரேயடியாக உச்சிக்கு ஏறப் பணமில்லாதவர்கள் ஒவ்வொரு படியாக ஏறலாம். ஆனால் கால் வைக்கிற முதல் படி அங்கீகாரம் பெற்ற படியாக இருக்க வேண்டும்.

கெட்ட பக்கம் இது. சர்க்கார் வேலையே ஆனாலும் நிரந்தர வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 2015இல் அதே வாரியம் பரீட்சை வைத்து 7,000க்கு மேற்பட்ட நர்ஸுகளை எடுத்தது. எப்படி எடுத்தது? ஒப்பந்த முறையில், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்! இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்கு காற்றில் போயிற்று. 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து அவர்கள் போராடினார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. கொரோனாக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலைக்கு வந்த ஒப்பந்த நர்ஸுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வேலை இல்லை என்று சொல்லப்பட்டது. கைதட்டியது நாடு, விளக்கு ஏற்றியது நாடு. சம்பளம் கேட்டபோது மட்டும் கதவு சாத்தப்பட்டது.

தனியார் ஆஸ்பத்திரிகளின் நிலைமை? 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதன் பேரில் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி அமைத்தது. இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சம்பளம், அந்த மாநில சர்க்கார் நர்ஸுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் கமிட்டி சிபாரிசு செய்தது. சிபாரிசு காகிதத்தில் இருக்கிறது. அதைச் சட்டமாக்கி வாங்கித் தருவது மாநிலங்களின் பொறுப்பு என்று விடப்பட்டது. இங்கே வேலை பார்க்கும் பெண்கள் யாராவது இருந்தால், உங்கள் மாதச் சம்பளம் அந்த எண்ணுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

வேலைப் பளுவும் அப்படித்தான். பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவு. நான் வேலை பார்த்த காலத்தில் இரவு வேளையில் நாற்பது பேருக்கு ஒருத்தியாக நின்றிருக்கிறேன். ஒரு முனையில் குளூக்கோஸ் பாட்டில் தீரும். மறு முனையில் ஒருவருக்கு மூச்சு முட்டும். எந்தப் பக்கம் ஓடுவது? காலையில் வீடு திரும்பும்போது கால் இரண்டும் மரக்கட்டையாக இருக்கும். ஆனாலும் அந்த இரவில் பிழைத்த ஒரு குழந்தையின் முகம் கண்ணில் நிற்கும். அதனால்தான் மறுநாளும் போனேன். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும்.

வெளிநாடு என்னும் தூண்டில்

“இங்கே சம்பளம் குறைவானால் என்ன, வளைகுடாவுக்குப் போய்விடலாம்” என்று சொல்லுகிறார்கள். போய்ச் சம்பாதித்து வீடு கட்டியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவும் பதிவு பெற்ற நர்ஸுக்கும், வார்டு அனுபவம் உள்ளவளுக்கும்தான் திறக்கும். உதவியாளர் சர்ட்டிபிகேட்டுக்குத் திறக்காது.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். 2015இல் கொச்சியில் ஒரு வழக்கு வந்தது. குவைத்துக்கு அனுப்ப ஒரு நர்ஸிடம் 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில், 19½ லட்சம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. இரண்டு பூஜ்யம் அல்ல, ஒரு குடும்பத்தின் ஆயுள் அது! அதே வருஷம், குடியேற்றச் சோதனை தேவைப்படும் நாடுகளுக்கு நர்ஸுகளை சர்க்கார் ஏஜென்சிகள் மூலமாகவே அனுப்ப வேண்டும் என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. நம் மாநிலத்தில் அந்த வேலைக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்ற சர்க்கார் நிறுவனம் இருக்கிறது. வெளிநாடு போக விரும்புகிறவர்கள் தரகர் வீட்டுக்குப் போகுமுன் அங்கே கேட்டுப் பாருங்கள்.

2014 ஜூலையில் ஈராக்கில் திக்ரித் நகரத்துச் சண்டையில் சிக்கி மீண்டுவந்த 46 நர்ஸுகளை மறந்திருக்கமாட்டீர்கள். பெரும்பாலோர் கேரளத்துப் பெண்கள். நம் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்ணும் அவர்களில் இருந்தார். குண்டு விழுகிற ஊரிலிருந்து திரும்பிவரவே அவர்களில் பலர் தயங்கினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. காரணம் என்ன? சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. வீட்டில் படிப்புக் கடன் பாக்கி. துப்பாக்கியைக் காட்டிலும் கடனுக்குப் பயப்பட வேண்டிய நிலைமையில் ஒரு பெண்ணை நிறுத்துவது எது? அவள் படிக்கப் போன முதல் நாளில் வாங்கிய கடன்தான்.

பணம் கட்டுமுன் ஏழு கேள்விகள்

ஆகவே, எந்த நிலையத்தின் படி ஏறினாலும் இந்த ஏழு கேள்விகளையும் கேளுங்கள். பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.

முதலாவது: படிப்பின் சரியான பெயர் என்ன? ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்ஸி. மூன்றில் எது?

இரண்டாவது: இந்த வருஷத்துக்கு கவுன்சில் அனுமதி உண்டா? எத்தனை இடத்துக்கு? சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடிச் சட்டத்தை நம்பாதீர்கள். கவுன்சிலின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

மூன்றாவது: பரீட்சை நடத்துவது யார்? பி.எஸ்ஸி. என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், டிப்ளமோவும் ஏ.என்.எம்.மும் என்றால் கவுன்சிலின் தேர்வுக் குழு. “நாங்களே நடத்துவோம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காவது: பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? அங்கே பிரசவ வார்டு உண்டா? படுக்கை எத்தனை? புத்தகத்தைப் படித்து நீச்சல் கற்க முடியாது. நோயாளியைப் பார்க்காமல் நர்ஸ் ஆகவும் முடியாது.

ஐந்தாவது: முழுப் படிப்புக்கும் மொத்தச் செலவு எவ்வளவு? அதை எழுதிக் கொடுப்பார்களா? ஒவ்வொரு பணத்துக்கும் ரசீது உண்டா?

ஆறாவது: அசல் சர்ட்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வார்களா? படிப்பு முடிந்ததும் இத்தனை வருஷம் எங்களிடமே வேலை பார்க்க வேண்டும் என்று பத்திரம் கேட்பார்களா? இந்தப் பத்திர முறையை ஒழிக்க வேண்டும் என்று 2011இலேயே இந்திய நர்ஸிங் கவுன்சில் முடிவு செய்துவிட்டது. அசலைப் பூட்டி வைக்கிறவன், உங்கள் மகளைப் பூட்டி வைக்கிறான்.

ஏழாவது: போன வருஷம் முடித்த பெண்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? என்ன சம்பளம்? இதை முதல்வரிடம் கேட்காதீர்கள். அந்தப் பெண்களிடமே கேளுங்கள்.

தனியாகப் போகாதீர்கள்

கணக்குச் சரியாக இருந்து, படிப்பும் சரியாக இருந்தால் போதுமா? போதாது. சம்பளம் தானாக உயராது. பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2011இல் கேரள நர்ஸுகள் சங்கம் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல்களில் நின்றார்கள். பத்திரத்தை எதிர்த்தார்கள், பன்னிரண்டு மணி நேர வேலையை எதிர்த்தார்கள். கடைசியில் 2018 ஏப்ரலில், தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று கேரள சர்க்கார் அரசாணை பிறப்பித்தது. வானத்திலிருந்து விழுந்ததல்ல அது. ஏழு வருஷப் போராட்டத்தின் கூலி. அங்கே சாத்தியமானது இங்கே ஏன் சாத்தியமாகாது?

நர்ஸ் தொழிலைக் கேவலமாகப் பேசுகிற வாய்களும் ஊரில் உண்டு. “ராத்திரி வேலைக்குப் போகிற பெண்ணை யார் கட்டுவான்?” என்று கேட்கிறார்கள். நான் ஒன்று கேட்கிறேன். இந்த ஊர் ஆண்கள் எந்த நேரத்தில் வேலைக்குப் போகிறார்கள்? நடு ராத்திரியில் வள்ளம் தள்ளுகிறவனை யாராவது குறை சொல்லுகிறோமா? உழைப்புக்கு ராத்திரி என்றும் பகல் என்றும் உண்டா? பிரசவ வலி வந்த பெண்ணுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்றால், அந்த நர்ஸ் யாரோ ஒருத்தியின் மகளாகத்தானே இருக்க வேண்டும்?

இன்னொன்று. மகள் கல்யாணத்துக்கு முப்பது பவுன் சேர்க்க வாழ்நாளெல்லாம் ஓடுகிறோம். அந்தப் பவுன் அவளை விட்டு ஒரே நாளில் போய்விடுகிறது. பதிவு பெற்ற நர்ஸ் என்ற சர்ட்டிபிகேட் அவள் பெயரில் இருக்கும். அதை மாமியார் அடகு வைக்க முடியாது.

கடைசியாக, அந்தத் தாய்க்கும் மகளுக்கும் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அம்மா, கட்டின ஐயாயிரத்தை ரசீதைக் காட்டித் திருப்பிக் கேள். தனியாகப் போகாதே, நாங்கள் நாலு பேர் உன்னோடு வருகிறோம். கொடுத்தால் நல்லது. கொடுக்கவில்லையென்றால் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுக் கொடுப்போம். அதுவும் பலிக்கவில்லையென்றாலும், ஐயாயிரத்தோடு போகட்டும். என்ஜினை அடகு வைக்காதே. உன் மகள் வணிகவியல் படித்திருக்கிறாள். பி.எஸ்ஸி. கதவு அவளுக்கு இல்லை. ஆனால் ஏ.என்.எம்., ஜி.என்.எம். கதவுகள் திறந்தே இருக்கின்றன. சர்க்கார் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போடட்டும். இந்த வருஷம் இடம் கிடைக்காமல் போனால், அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பாங்குக் கடன் பேசலாம். அல்லது ஒரு வருஷம் காத்திருக்கலாம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் நஷ்டமல்ல. பொய்யான படிப்பில் போகிற ஒரு வருஷமும் முப்பதாயிரமும்தான் நஷ்டம்.

ஊருக்கும் ஒரு வேலை சொல்லுகிறேன். இந்த வருஷம் பன்னிரண்டாவது முடிக்கிற பிள்ளைகளின் பட்டியல் ஒன்று எடுங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியலை வாசகசாலையில் ஒட்டுங்கள். நிலையங்களைப் பார்க்கப் போகிற தாய்மார்கள் ஐந்து பேராகச் சேர்ந்து போங்கள். நம் ஜில்லாவின் கடற்கரைப் பிள்ளைகளுக்கு சர்க்கார் நர்ஸிங் பள்ளிகளில் இன்னும் அதிக இடம் வேண்டும், ஒப்பந்த முறை ஒழிந்து நிரந்தர வேலை வேண்டும் என்று கையெழுத்து வாங்கி அனுப்புங்கள்.

முத்துக் குளிக்க இறங்குகிறவன் மூச்சை அடக்குமுன் ஒரு காரியம் செய்வான். தன் இடுப்புக் கயிறு யார் கையில் இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பான். நம்பிக்கையான கை என்று தெரிந்தால்தான் குதிப்பான். நம் பெண்பிள்ளைகளும் ஆழத்தில்தான் இறங்குகிறார்கள். கயிற்றின் மறு முனை வட்டிக்காரன் கையிலும் தரகன் கையிலும் இருக்கக்கூடாது. அது நம் கையில் இருக்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். ராத்திரி எவ்வளவு நேரமானாலும் இருந்து பதில் சொல்லுகிறேன். நான் ராத்திரி வேலைக்குப் பழகினவள்தான்.